பனியன் யூனிட்டில் தீ, முதலுதவிப் பயிற்சி: அரை நாளில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

நூல்கண்டு:
திருப்பூர் யூனிட். கீழே கட்டிங், அயர்னிங், பேக்கிங். மாடியில் பவர்டேபிள் (தையல் மெஷின்), செக்கிங். 90 பேர், இரண்டு ஷிஃப்ட். பாதிக்கு மேல் ஒடிசா, பீகார் ஆட்கள். பையர் (நம்மிடம் சரக்கு வாங்கும் கம்பெனி) ஆடிட்டுக்காக வருஷத்துக்கு ஒரு தடவை புரொஜெக்டர் போட்டு, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து ஃபைலில் வைப்பதோடு சரி. நிஜமாகப் பற்றினால் தீயணைப்பு சிலிண்டரை யார் தூக்குவார் என்று யாருக்கும் தெரியாது. அரை நாள்தான் லைனை நிறுத்த முடியும். எதைச் செய்தால் உருப்படியாக இருக்கும்? முதலுதவிக்கு எத்தனை பேர் வேண்டும்?

செங்குழாய்:
90 பேரையும் மொத்தமாக உட்காரவைக்காதீர்கள். எல்லோருக்கும் வேண்டியது மூன்றே விஷயம்: எந்தச் சத்தம் கேட்டால் எழுந்திருப்பது, எந்தப் படியில் இறங்குவது, வெளியே எங்கே நிற்பது. அதற்கு அரை மணி போதும். மீதி நேரத்தை 10, 12 பேருக்கு மட்டும் கொடுங்கள். சூப்பர்வைசர்களாகவே பொறுக்காமல் எலக்ட்ரீஷியன், அயர்னிங் மாஸ்டர், கட்டிங் ஹெல்ப்பர், வாட்ச்மேன் என்று இடத்துக்கு ஒருவர், இரண்டு ஷிஃப்டிலும்.

அவர்கள் ஒவ்வொருவரும் சிலிண்டரை நிஜமாக அடித்துப் பார்க்க வேண்டும். ரீஃபில்லுக்குப் போகவேண்டிய சிலிண்டர்களை வெண்டரிடம் அப்படியே கொடுக்காமல் பயிற்சியில் காலி செய்யுங்கள், தனிச் செலவு இல்லை. பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் கடிதம் கொடுத்து செயல்விளக்கம் கேளுங்கள். தட்டில் தீ மூட்டிக் காட்டும் வேலையை அவர்களிடமே விடுங்கள்.

கையில் எடுத்ததும் எல்லோரும் செய்வது லீவரை அழுத்திக்கொண்டே பூட்டுப் பின்னை இழுப்பது. அழுத்தம் இருந்தால் பின் இறுகிக்கொள்ளும், வரவே வராது. சிலிண்டரைத் தரையில் வைத்து, லீவரில் கை படாமல் பின்னைத் திருகி இழுக்கச் சொல்லுங்கள். 6 கிலோ ஏபிசி பவுடர் (பல வகைத் தீக்குமான பொடி) ஏறக்குறைய 15 விநாடியில் தீர்ந்துவிடும், அதனால் குறி முக்கியம். 2, 3 மீட்டர் தள்ளி நின்று, வாசல் முதுகுப்பக்கம் இருக்கும்படி பார்த்து, தீயின் அடியில் இடமும் வலமுமாக அடிக்க வேண்டும்.

நம் தொழிலில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கட்டிங் வேஸ்டிலும் பஞ்சுத்தூசியிலும் கிட்டே நின்று அடித்தால், எரிகிற தூசி பறந்து அடுத்த டேபிளுக்கு அடியில் போய் விழும். இன்னொன்று, பவுடர் மேல்தீயைத்தான் அமர்த்தும். குவியலின் உள்ளே கங்கு இருந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடிக்கும். அணைந்த பிறகு மெயினை ஆஃப் செய்து, குவியலைக் கிளறி, தண்ணீர் ஊற்றி, வெளியே கொண்டுபோய்ப் போடும்வரை வேலை முடியவில்லை.

கரண்ட் பேனல் போர்டுக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர். அடிக்கும்போது கொம்பை (வாயு வெளியே வரும் குழலை) கையால் பிடிக்கக் கூடாது, குளிரில் தோல் வெந்துவிடும். அதில் மீட்டர் கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். வாயு எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் ரீஃபில்.

எப்போது விட்டுவிட்டு ஓடுவது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்: ஒரு சிலிண்டர் தீர்ந்தும் அணையவில்லை, அல்லது புகை தலை மட்டத்துக்கு இறங்கிவிட்டது என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியே. அதற்கு மேல் 101, 112.

காஸ்சுருள்:
முதலுதவிப் பக்கம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவுக் கணக்கு 150 பேருக்கு ஒரு பெட்டி என்று இருந்தது; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதில் புதிய சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பொறுப்பான பயிற்சி பெற்ற ஆள் வேலை நேரம் முழுக்க இருக்க வேண்டும். நீங்கள் ஷிஃப்டுக்கு இரண்டு பேரும், லீவுக்கு மாற்றாக ஒருவரும் வையுங்கள். சான்றிதழ்ப் பயிற்சிக்கு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அல்லது செஞ்சிலுவைச் சங்கம். பெட்டிச்சாவி எச்ஆர் மேஜையில் கிடந்தால் நைட் ஷிஃப்டுக்குப் பெட்டியே இல்லை என்றுதான் அர்த்தம்.

பாம்புக்கடியில் ஆரம்பிக்கும் பொதுப் பாடம் வேண்டாம். உங்களிடம் நடக்கக்கூடியதை மட்டும் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

ஊசி விரலில் ஏறுவது: மோட்டார் ஆஃப், பெடலிலிருந்து கால் வெளியே, பிறகு வீலைக் கையால் திருப்பி ஊசியை மேலேற்றுவது. வீல் நகராவிட்டால் ஊசி ஸ்குருவைத் தளர்த்தி, ஊசியோடு விரலை எடுக்கலாம். ஒடிந்த ஊசித் துண்டுகளை ரிஜிஸ்டரில் ஒட்டுவது பையருக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒட்டிப் பார்த்து ஒரு துண்டு குறைந்தால் அது விரலுக்குள் இருக்கலாம். தோண்டாமல் எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள், டிடி ஊசியும் கேளுங்கள்.

கட்டிங் கத்தி வெட்டு: துணியை வைத்து 10 நிமிஷம் விடாமல் அழுத்துவது. நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கித் தூக்கிப் பார்ப்பதால்தான் ரத்தம் மறுபடி வருகிறது. விரல் துண்டானால், நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கூடவே அனுப்புங்கள். ஐஸ் நேராகப் பட்டால் ஒட்டவைக்க முடியாமல் போகலாம்.

அயர்ன், ஸ்டீம் சூடு: குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம்.

சிபிஆரை (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முறை) பொம்மையில் ஒவ்வொருவரும் முழுசாக 2 நிமிஷம் செய்யட்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ. 2 நிமிஷத்தில் கை ஓய்ந்து அழுத்தம் குறைவது அப்போதுதான் புரியும். அதனால்தான் ஆள் மாற வேண்டும் என்பது. ஷாக் கேஸில் சுவிட்ச் ஆஃப் ஆகாமல் யாரும் தொடக் கூடாது.

பின்வாசல்:
செங்குழாய் சார், அந்த அரை மணியில் பேச்சு வேண்டாம், நடக்கவே வையுங்கள். கீழே துணியும் அட்டைப்பெட்டியும், மேலே ஆட்கள்: 2012 நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் ஃபேஷன்ஸில் இதே அமைப்புதான். தரைத்தளத்தில் பற்றியது, 110 பேருக்கு மேல் இறந்தார்கள். மணி அடித்த பிறகும் வேலையைப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். மணி அடித்தால் சூப்பர்வைசரைக் கேட்காமல் எழுந்திருக்கலாம் என்பதை முதலாளி வாயாலேயே சொல்லவையுங்கள், ஹிந்தியிலும் ஒடியாவிலும்.

டிரில்லில் ஒரு படியை அட்டை வைத்து அடைத்துவிடுங்கள், அடுத்த படிக்குத் திரும்புகிறார்களா பாருங்கள். மெயின் ஆஃப் ஆனால் படிக்கட்டு இருட்டாகும், பேட்டரி லைட் எரிகிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். வெளியே தலை எண்ணும்போது பீஸ்ரேட் கான்ட்ராக்டர் ஆட்கள் ரிஜிஸ்டரில் இருக்க மாட்டார்கள். அவர்கள் பட்டியல் வாட்ச்மேனிடம் தனியாக இருக்கட்டும்.

நூல்கண்டு:
நன்றி சார். பின்பக்க ஷட்டரைத் துணி திருட்டுக்குப் பயந்து பூட்டியே வைக்கிறோம். சாவியைக் கண்ணாடிப் பெட்டியில் பக்கத்திலேயே மாட்டினால் ஆகுமா?

பின்வாசல்:
ஆகாது. புகையில் கண்ணாடியை உடைத்துச் சாவியைத் தேடி, குனிந்து ஷட்டர் பூட்டைத் திறக்க யாராலும் முடியாது. ஆள் உள்ளே இருக்கும்வரை ஷட்டர் மேலே ஏறியே இருக்கட்டும். அதற்கு உள்பக்கம் வெளிப்புறமாகத் திறக்கும் கதவு போட்டு, தள்ளினால் திறக்கும் பார் மாட்டுங்கள். திருட்டுக்கு அந்தக் கதவிலேயே பஸ்ஸர்: திறந்தால் அலறும், வாட்ச்மேன் வந்துவிடுவார்.