நம்ம ஃபிளாட் பாயிங்க் டீம்

மாலதி: மூணாவது மாடி கவின் இன்னிக்கு நம்ம டீம்ல சேர்றார். சும்மா கிடக்குற நேரத்துல நம்ம கம்ப்யூட்டரை விஞ்ஞான ஆராய்ச்சிக் கணக்குக்குக் கொடுக்குற டீம் இது, அதுக்கான மென்பொருள்தான் பாயிங்க். வா கவின், ரொம்ப சந்தோஷம். உன் மெஷின் என்னன்னு முதல்ல சொல்லு.

கவின்: எல்லாருக்கும் வணக்கம். லேப்டாப்தான் அக்கா. ஐ5, 4 கோர் 8 த்ரெட், 8 ஜிபி ராம், விண்டோஸ் 11. போதுமா?

மாலதி: தாராளமா போதும்.

கவின்: வேற்றுக்கிரக சிக்னல் தேடுறதுன்னு அப்பா சொன்னாரு. அதுதானே?

ரவி அங்கிள்: அது செட்டி அட் ஹோம் தம்பி. 1999 மே மாசம் ஆரம்பிச்சது. 2020 மார்ச் 31-ஓட புது வேலை, அதாவது நம்ம மெஷின் போட வேண்டிய கணக்குத் துண்டு, அனுப்புறதை நிறுத்திட்டாங்க. நாம ஓட்டுறது எயின்ஸ்டைன் அட் ஹோம். விண்வெளியில இருந்து வர்ற ஈர்ப்பு அலை, பல்சர்ங்கிற வேகமா சுத்துற நியூட்ரான் நட்சத்திரம், ரெண்டையும் தேடுறாங்க. ரெண்டுக்கும் பாயிங்க் மென்பொருள் ஒண்ணேதான்.

மாலதி: பெர்க்லி பல்கலைக்கழகத்தோட பாயிங்க் தளத்துல இருந்து மட்டும் டவுன்லோட் பண்ணு, வேற எங்கேயும் எடுக்காதே. விர்ச்சுவல்பாக்ஸ்ங்கிற கூடுதல் மென்பொருளும் சேர்த்து வேணுமான்னு கேட்டா வேண்டாம்னு விடு, எயின்ஸ்டைனுக்குத் தேவையில்லை. இன்ஸ்டால் ஆனதும் வியூ மெனுல அட்வான்ஸ்ட் வியூ. அப்புறம் டூல்ஸ், ஆட் ப்ராஜெக்ட், எயின்ஸ்டைன். மெயில் ஐடி கொடுத்து அக்கவுண்ட் திற. நாளைக்கு வேற ப்ராஜெக்ட் சேர்த்தாலும் இதே மெயில் ஐடிதான் கொடுக்கணும், அப்பதான் எல்லாக் கணக்கும் ஒரே ஆளோடதுன்னு சேரும்.

சலீம்: டீம்ல சேர்றதை நாளைக்குன்னு தள்ளாதே கவின். சேர்றதுக்கு முன்னாடி வாங்கின கிரெடிட், அதாவது முடிச்ச வேலைக்கான புள்ளி, டீம் கணக்குக்கு வராது. ப்ராஜெக்ட் ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா சேரவும் வேணும்.

கவின்: சரி அண்ணா. சேர்ந்துட்டேன். வேலை இறங்குது. அதுக்குள்ள ஃபேன் கத்துது!

ரவி அங்கிள்: உடனே சஸ்பெண்ட் போடு. 8 த்ரெட்லயும் ஓடுது, அதாவது ஒரே நேரத்துல எட்டு வேலை. ஆப்ஷன்ஸ், கம்ப்யூட்டிங் ப்ரிஃபரன்சஸ் போ. சிபியு எண்ணிக்கை 25%னு வை, அப்ப ரெண்டு வேலைதான் ஒரே நேரத்துல ஓடும். அதுக்குப் பக்கத்துலயே சிபியு நேரம்னு இன்னொரு சதவீதம் இருக்கும். அது 100%லயே இருக்கட்டும்.

கவின்: அதைக் குறைச்சாலும் சூடு குறையும்ல?

ரவி அங்கிள்: குறையும். ஆனா அது எப்படிக் குறைக்குதுன்னா, கொஞ்ச நேரம் முழு வேகத்துல ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஓட்டும். சூடு ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், ஃபேனும் கூடவே ஏறி இறங்கும். ரெண்டு கோர் சீரா ஓடுறது மெஷினுக்கு எவ்வளவோ மேல்.

மாலதி: அதே பக்கத்துல, முன்கூட்டியே இறக்கி வைக்கிற வேலை இருப்பு 0.1 நாள், கூடுதல் 0.5 நாள்னு இருக்கும். ஏத்தாதே. புதுசா வர்றவங்க ஆசையா 10 நாள்னு போட்டு வேலையைக் குவிச்சுடறாங்க. லேப்டாப் ராத்திரி மட்டும்தான் ஓடும், கெடுவுக்குள்ள முடியாது. கெடு தாண்டினா சர்வர் அதே வேலையை வேற ஆளுக்கு அனுப்பிடும், நம்ம கரண்ட் வீண்.

கவின்: ஒரே வேலையை ரெண்டு பேருக்கு ஏன் அக்கா கொடுக்கணும்?

மாலதி: சரிபார்க்கத்தான். ஒரே வேலை ரெண்டு மெஷினுக்குப் போகும். ரெண்டு விடையும் ஒத்துப்போனாதான் ஏத்துப்பாங்க. 2010-ல ஜே2007+2722ங்கிற பல்சரை இந்த ப்ராஜெக்ட் கண்டுபிடிச்சது, அரெசிபோ தொலைநோக்கி தரவுல இருந்து. அமெரிக்காவுல அயோவா, ஜெர்மனியில மைன்ஸ், ரெண்டு ஊர் மெஷின்ல சிக்கினதால, கண்டுபிடிச்ச பெருமையும் ரெண்டு பக்கத்துக்கும் போச்சு. அதனால நீ லேட் பண்ணா, எங்கேயோ ஒருத்தர் வேலையை முடிச்சுட்டு உனக்காகக் காத்துக்கிட்டிருப்பார். உனக்கும் 'பெண்டிங்'னு வந்தா பயப்படாதே, அந்தப் பக்கத்து விடை இன்னும் வரலைன்னு அர்த்தம்.

சலீம்: பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்னா ரெண்டு நாள் முன்னாடியே 'நோ நியூ டாஸ்க்ஸ்' அழுத்திடு. கையில இருக்கிறது முடிஞ்சு போய்டும். முடிக்க முடியாதுன்னு தெரிஞ்சா சும்மா விடாம அபார்ட் (ரத்து) பண்ணு, சர்வர் அப்பவே வேற ஆளுக்கு அனுப்பிடும்.

கவின்: ஈ.பி. பில்லுன்னு அம்மா கேக்குறாங்க.

ரவி அங்கிள்: உன் லேப்டாப் இதுக்காக கூடுதலா 40 வாட் இழுக்குதுன்னு வச்சுக்கோ. தினம் 8 மணி நேரம்னா 0.32 யூனிட். ரெண்டு மாச பில்லுல 19 யூனிட் சுமார். அம்மாகிட்ட கணக்கோட சொல்லு. கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் 250 வாட்ல நாள் பூரா ஓடினா அதே ரெண்டு மாசத்துக்கு 360 யூனிட். வீட்ல ஏசியும் ஓடி 500 தாண்டினா ரேட்டே மாறிடும். அதனால அந்த வம்பு வேண்டாம்.

சலீம்: கத்திரி வெயில்ல மதியம் ஓட்டவே வேண்டாம். ப்ரிஃபரன்சஸ்ல நேரம் குறிக்க இடம் இருக்கு, ராத்திரி 10-ல இருந்து காலை 6னு வை. மெத்தை மேல வைக்காதே. மேஜையில, பின்பக்கம் ரெண்டு நோட்டு வச்சு தூக்கிவிடு. எச்.டபிள்யூ.இன்ஃபோ போட்டு சூடு பாரு, 85 டிகிரி தாண்டினா ஒரு கோரைக் குறை.

கவின்: இப்பவே 91 காட்டுது அண்ணா. ரெண்டு வேலைதான் ஓடுது.

சலீம்: எத்தனை வருஷ லேப்டாப்?

கவின்: நாலு வருஷம்.

சலீம்: அப்ப தூசிதான். நம்ம பக்கம் ரோட்டுத் தூசியும் உப்புக்காத்தும் சேர்ந்து, ஃபேனுக்கும், சூட்டை வெளியேத்துற ஹீட்சிங்க் தகடுக்கும் நடுவுல கம்பளித் துண்டு மாதிரி படிஞ்சிருக்கும். வெளியே இருந்து பார்த்தா தெரியாது. ஆஃப் பண்ணி, சார்ஜர் எடுத்து, பின்மூடியைக் கழட்டி ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால சுத்தவிடாம பிடிச்சுக்கிட்டு பிளோயரால ஊது. பிடிக்காம ஊதினா ஃபேன் கண்டபடி சுத்தி பேரிங் போய்டும். அதுக்கப்புறமும் குறையலைன்னா சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல தடவியிருக்கிற தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்ல சின்ன டியூப் கிடைக்கும். ஹீட்சிங்கை நீயே பிரிக்காதே, ஞாயித்துக்கிழமை கொண்டு வா, உட்கார்ந்து மாத்திடலாம்.

கவின்: சரி அண்ணா, அதுவரைக்கும் ஒரே கோர் வச்சுக்கறேன். இன்னொரு சந்தேகம். ஒரு வேலையில 'கம்ப்யூடேஷன் எரர்'னு வந்திருக்கு.

மாலதி: டூல்ஸ், ஈவெண்ட் லாக் திறந்து என்ன எழுதியிருக்குன்னு இங்க போடு. பாதி நேரம் ஆன்டிவைரஸ் ஒரு ஃபைலைத் தூக்கி ஒளிச்சு வச்சிருக்கும். சி டிரைவ்ல ப்ரோகிராம்டேட்டாக்குள்ள பாயிங்க்னு ஃபோல்டர் இருக்கு, ப்ரோகிராம்டேட்டா மறைஞ்சிருக்கும். அந்த பாயிங்க் ஃபோல்டரை மட்டும் ஆன்டிவைரஸ் விலக்குப் பட்டியல்ல சேர். மொத்த டிரைவையும் சேர்த்துடாதே.

கவின்: ஆமாம் அக்கா, ஒரு ஃபைல் காணோம்னுதான் இருக்கு. சேர்த்துட்டேன். அடுத்தது ஓட ஆரம்பிச்சிருச்சு.

ரவி அங்கிள்: ராத்திரி படுக்கும்போது மூடியை மூடாதே தம்பி, ஸ்லீப்புக்குப் போய் அப்படியே நின்னுடும். பவர் செட்டிங்ல சார்ஜர்ல இருக்கும்போது ஸ்லீப் 'நெவர்'னு வை, ஸ்கிரீன் மட்டும் அணையட்டும்.

கவின்: வச்சுட்டேன் அங்கிள். 1.4% ஆயிருக்கு.