இலுப்பை விதை முளைக்கவே இல்லை, என்ன தப்பு?

குளத்துக்கரை:
வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் குளத்துக்கரையில் தாத்தா காலத்து இலுப்பை ஒன்று நிற்கிறது. இரண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் கை எட்டாது. போன வாரம் மர வியாபாரி ஒருவர் வந்து விலை பேசிவிட்டுப் போனார். வெட்டுவதற்கு முன் அதன் கன்று நாலாவது வேண்டும் என்கிறார் அப்பா. போன ஆடியில் பொறுக்கிய விதையை டப்பாவில் வைத்திருந்து, தை மாதம் முப்பது பைகளில் ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. வருடாவருடம் கொட்டும் விதையை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்றும் சொல்லுங்கள்.

செக்கடி:
தம்பி, தப்பு டப்பாவில்தான். இலுப்பை விதை நெல் மாதிரி காத்திருக்காது. சில வாரங்களிலேயே முளைக்கும் திறன் போய்விடும். பழம் விழுந்ததும் சதையைக் கழுவி, நிழலில் ஆறவிட்டு, ஒரு வாரத்துக்குள் ஊன்றிவிடுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும், நீளமான பையாக எடுங்கள். வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட விதை கிடைத்தால் கழுவும் வேலையும் மிச்சம்.

அப்புறம் எண்ணெய். என் அம்மா விடியலில் கூடையோடு போய்ப் பொறுக்கி வருவார். ஓட்டைக் கல்லால் தட்டி உடைத்துப் பருப்பை எடுத்து, கலகலவென்று சத்தம் வரும்வரை வெயிலில் காயவைத்துச் செக்குக்கு அனுப்புவோம். பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான், ஆனால் செக்கு அவ்வளவையும் பிழிந்து தராது. மார்கழிக் குளிரில் அந்த எண்ணெய் நெய் போல உறைந்துவிடும். பாத்திரத்தை அடுப்போரம் வைத்து இளக்கித்தான் கோயில் விளக்குக்கு ஊற்றுவோம். பிண்ணாக்கை இடித்துத் தலைக்குத் தேய்த்துக் குளித்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும்.

பங்குனி, சித்திரையில் உதிரும் பூவையும் விடாதீர்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சும்மா சொல்லவில்லை. காயவைத்து வறுத்துத் தின்றால் உலர்திராட்சை போல இனிக்கும்.

மரத்தை விற்காதீர்கள் தம்பி. இன்று ஊன்றும் கன்று காய்க்கவே பத்து வருடமாவது ஆகும். உங்கள் பக்கத்து இலுப்பைப்பட்டில் சிவன் கோயிலின் தலமரமே இதுதான்.

மீன்குட்டை:
அண்ணா சொன்ன பிண்ணாக்கில் ஒரு எச்சரிக்கை. அதில் உள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் மீனின் செவுளைப் பாதிக்கும். மீன் விடுவதற்கு முன் வேண்டாத மீனை ஒழிக்க நாங்களே அதைத்தான் குட்டையில் போடுகிறோம். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு அடங்கி உரமாகிவிடும். மீன் இருக்கும் குளத்தின் கரையில் அரைத்த பிண்ணாக்கைக் குவித்து வைக்காதீர்கள், ஒரு மழை போதும்.

குளத்துக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா. இதையெல்லாம் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பாட்டி பூ வறுத்துக் கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. வியாபாரிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆடிக்கு நீளப் பை ஐம்பது வாங்கி வைக்கிறேன். பக்கத்தில் யாருக்காவது கன்று வேண்டுமென்றால் சொல்லுங்கள்.