செங்கோலா, ஊன்றுகோலா: விக்டருக்கு முன்கதை தேவைதானா?

பாளை மார்க்கெட்:
நேற்று ராத்திரி ‘ஆர்கேன்’ அனிமேஷன் தொடரின் இரண்டு பாகத்தையும் மறுபடி பார்த்து முடித்தேன். மொத்தம் 18 அத்தியாயம். ஒன்று நன்றாக உறைத்தது. அதற்கு மூலமான லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கணினி ஆட்டத்தில் 2011 டிசம்பரில் வந்த விக்டர், இந்தத் தொடர் வரும்வரை வெறும் பொம்மைதான். முதுகில் மூன்றாவதாக ஒரு கை, வாயில் மகத்தான பரிணாமம் என்று ஒரு வசனம், அவ்வளவே. கையில் ஊன்றுகோலைக் கொடுத்து, இருமலைக் கொடுத்து, சின்ன வயசையும் கொடுத்த பிறகுதான் அவன் மனுசன் ஆனான். ஆட்டத்துப் பாத்திரத்தை எடுத்துப் படம் பண்ணுகிறவன் முதலில் அதற்கு முன்கதை எழுத வேண்டும். இல்லையென்றால் தொடவே கூடாது.

அம்பைக்காரன்:
யாரை வே பொம்மை என்கிறீர்? பத்து வருசம் அவனை வைத்து ஆடியவன் சொல்கிறேன், கேளும். பழைய விக்டர் ஆட்டத்துக் கதையில் வரும் ஸான் என்ற கீழ்நகரத்துக்காரன். மனுச உடம்பு பயப்படும், கோபப்படும், தப்புப் பண்ணும் என்று கண்டவன். அவனை ஏமாற்றினார்கள், மனசு உடைந்தது, எல்லாம் சரி. ஆனால் சாகக் கிடக்கவில்லை. திடமாக இருந்த உடம்பைத் தானே அறுத்துத் தானே இரும்பைப் பொருத்திக்கொண்டான். அந்த முடிவுதான் விக்டர். இப்போது கையில் ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டார்கள். நோய் வந்தவன் பிழைக்க வழி தேடுவான், அதில் என்ன அதிசயம்? ஊன்றுகோல் வந்தது, துணிச்சல் போச்சு.

தச்சநல்லூர் பையன்:
அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஆட்டத்திலேயே அவன் கையில் கோல் உண்டே? அதை நீட்டித்தானே அடிப்பான்?

அம்பைக்காரன்:
அது செங்கோல் தம்பி. இது ஊன்றுகோல். செங்கோல் அதிகாரத்துக்கு, ஊன்றுகோல் விழாமல் இருப்பதற்கு. ஜங்ஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஆடினேன். என் சீட்டுக் கீபோர்டில் ‘ஆர்’ பொத்தானில் எழுத்தே அழிந்து போயிருந்தது, விக்டரின் புயலை அத்தனை தடவை இறக்கியிருக்கிறேன். பொத்தானை அழுத்தின சேதி சிங்கப்பூர் சர்வருக்குப் போய்த் திரும்புகிற நேரத்தில் பாதிச் சண்டை முடிந்துவிடும், அப்படியும் விடவில்லை. அந்தக் கோல் எதற்கு என்று எனக்குத் தெரியும்.

டவுண் ரதவீதி:
ஒரு நிமிசம். இரண்டு பேரும் முன்கதை என்று எதைச் சொல்கிறீர்கள்? ஆட்டத்தில் சொல்லாமல் விட்ட இடத்தை நிரப்புவது ஒன்று, ஏற்கெனவே சொன்னதை அழித்து எழுதுவது இன்னொன்று. போக்கிமான் பிராணி மியூடூவை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 போக்கிமான் ஆட்டத்தில் சினபார் தீவில் ஒரு பாழடைந்த மாளிகை. அங்கே கிடக்கிற நாட்குறிப்பில், மியூ ஒரு குட்டி போட்டது, அதற்கு மியூடூ என்று பெயர் வைத்தோம் என்று இருக்கும். 1998 திரைப்படத்தில் அதே மியூடூவை ஆய்வுக்கூடத்தில் நகல் எடுத்து உருவாக்குகிறார்கள், அது தொட்டிக்குள் கண் விழித்து நான் யார் என்று கேட்கிறது. இது நிரப்புவதா, அழிப்பதா? அதைப் பிரித்துக்கொண்டால் சண்டை பாதியாகும்.

அம்பைக்காரன்:
மியூடூவை அப்புறம் பார்ப்போம். ஊன்றுகோலுக்கு வாரும்.

பாளை மார்க்கெட்:
வந்தாச்சு. பிரவுசிங் சென்டரில் பத்து வருசம் உட்கார்ந்தவர் தொடரை ஒழுங்காகப் பார்த்தீரா? முதல் பாகத்தில் ஹெக்ஸ்கோர் என்ற மந்திரக் கருவி தன் காலைச் சரிபண்ணினதும் கோலைப் போட்டுவிட்டுத் துறைமுகத்து ஓரமாக ஓடுவானே, பக்கத்தில் கப்பல் போகும், அந்த ஓட்டத்தைப் பார்த்தும் துணிச்சல் இல்லை என்கிறீர். அந்த ஹெக்ஸ்கோர் சோதனையில் ஸ்கை என்ற பெண்ணின் உயிர் போனது. அந்தக் குற்றவுணர்ச்சியைச் சுமக்கிறானே, உமது பழைய விக்டர் எதைச் சுமந்தான்?

அம்பைக்காரன்:
ஓடினான். எதற்கு ஓடினான்? ஊன்றுகோல் இருந்ததால் ஓடினான். கோலே இல்லாதவன் எதற்கு ஓடப் போகிறான்? நீரே எனக்குச் சாட்சி சொல்கிறீர்.

வள்ளியூர் வாசகி:
ஊன்றுகோல் பிடித்து நடக்காத இரண்டு பேர் ஊன்றுகோலைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். எனக்குச் சின்ன வயதில் போலியோ. வலது காலில் இரும்புப் பட்டை, கையில் கோல். கோலின் நுனியில் இருக்கிற ரப்பர் தேய்ந்துவிட்டால் டைல்ஸ் தரையில் சர்ரென்று வழுக்கும். மழை நாளில் பஸ் படியில் எதை முதலில் வைப்பது, கோலையா காலையா என்று யோசிப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். விக்டர் சின்னப் பையனாக இருக்கும்போது ஓடையில் ஒரு பொம்மைப் படகை விடுவான். தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகும், அவனால் ஓட முடியாது, கோலை ஊன்றிக்கொண்டே பின்னால் போவான். அந்தக் காட்சியை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த அறையிலேயே அதிக அறிவுள்ளவன் கையில் கோலோடு நிற்பதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. இதைப் போய் துணிச்சல் போச்சு என்கிறீர்களே அண்ணாச்சி, மனசு வலிக்கிறது.

அம்பைக்காரன்:
தங்கச்சி, உங்கள் கோலை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எழுதினவன் கையில் இருக்கிற கோலைச் சொல்கிறேன். ஒருத்தன் வேண்டுமென்று செய்த காரியத்துக்குப் பின்னால் போய் ‘பாவம், அவனுக்கு வேறு வழியில்லை’ என்று ஒரு காரணத்தை வைத்தால், அவன் செய்தது சின்னதாகிவிடும். இந்த வேலை நம் பக்கத்துக்குப் புதுசில்லை.

எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குவோம். அங்கே பட்டவராயன் சந்நிதியில் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். புதுச் செருப்பு கட்டினால், ராத்திரியில் பட்டவராயன் அதைப் போட்டு நடந்து தேய்த்துவிடுவார் என்று எங்கள் ஆச்சி சொல்லுவாள். அவர்தான் முத்துப்பட்டன். பிராமண வீட்டுப் பிள்ளை. செருப்புத் தைக்கும் குடியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசை வைத்தான். பூணூலை அறுத்துப் போடு, குடுமியை எடு, செருப்புத் தைக்கப் படி, அப்புறம் பெண் கேள் என்றார் பெண்ணைப் பெற்றவர். பட்டன் அத்தனையும் செய்தான். யாரும் அவனை அடித்துச் செய்யச் சொல்லவில்லை.

பிற்பாடு பாடினவர்கள் அதில் ஒரு முன்கதையைச் செருகினார்கள். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்களாம், காட்டில் கிடந்த பிள்ளைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம். இது இடைச்செருகல் என்று நாட்டார் கதைப்பாடல் ஆய்வாளர் நா. வானமாமலையே காட்டியிருக்கிறார். அந்த ஒரு முன்கதை வந்ததும் என்ன ஆச்சு? பட்டன் அறுத்த பூணூலுக்கு மதிப்பில்லாமல் போச்சு. விக்டர் கையில் கொடுத்த ஊன்றுகோலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பாளை மார்க்கெட்:
சாதியைக் காப்பாற்றுவதற்காகச் செருகின கதையும், ஒரு நோயாளிப் பையனுக்குக் கொடுத்த கோலும் ஒன்றா? எதைக் கொண்டு எதில் முடிச்சுப் போடுகிறீர்! அங்கே முன்கதை கீழே இருந்தவர்களை மறைக்கிறது. இங்கே முன்கதை கீழ்நகரத்துப் பையனை மேலே கொண்டுவந்து காட்டுகிறது. இரண்டும் நேர் எதிர்.

அம்பைக்காரன்:
இரண்டிலும் செய்தவனின் முடிவு போச்சா இல்லையா? அதைச் சொல்லும்.

ஆழ்வார்குறிச்சி:
அம்பைக்காரரே, இடைச்செருகல் என்று லேசாகச் சொல்லிவிட்டீர். எங்கள் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டுக்கு என் மாமா 30 வருசம் குடம் அடித்தவர். அவர் குழுவில் அந்த ‘காட்டில் கிடந்த பிள்ளை’ கதையைத்தான் பாடுவார்கள். அவர்கள் எல்லாரும் பொய் பாடினார்களா?

அம்பைக்காரன்:
உங்கள் மாமா குடம் அடித்தார், பாட்டு எழுதவில்லை. அவரை நான் ஏன் பொய்யர் என்கிறேன்?

ஆழ்வார்குறிச்சி:
குடம் அடிக்கிறவனுக்குக் கதை தெரியாது என்கிறீரா? விடிய விடிய உட்கார்ந்து அடிக்கிறவனுக்குத் தெரியாத கதை, குடிலில் சோறு பொங்கித் தின்றுவிட்டுத் தூங்குகிற உமக்குத் தெரியுமோ?

டவுண் ரதவீதி:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பட்டன் கதையில் நடந்தது அழித்து எழுதுவது. அதே லீக் ஆட்டத்தில் வரும் ஜின்க்ஸ் என்ற பெண் விஷயத்தில் நடந்தது நிரப்புவது. 2013-ல் அவள் ஆட்டத்துக்கு வந்தபோது ஏன் அப்படி ஆனாள் என்று யாரும் சொல்லவில்லை. தொடரில் அவள் பவுடர் என்ற சின்னப்பிள்ளையாக இருக்கும்போது குரங்குப் பொம்மைக்குள் குண்டு வைத்து, காப்பாற்றப் போய்த் தன் வீட்டு ஆட்களையே கொன்றுவிடுகிறாள். காலியாக இருந்த இடத்தில்தான் எழுதினார்கள். விக்டர் எந்த வகை?

பாளை மார்க்கெட்:
ஜின்க்ஸ் நல்ல உதாரணம். அம்பைக்காரர் அதைத் தொடவே மாட்டார், பாருங்கள். போன வாரம் இன்னொரு ஆட்டத்திலிருந்து எடுத்த காஸில்வேனியா தொடரின் ஐசக்கைப் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான் நழுவினார். 2005-ல் வந்த ஆட்டத்தில் ஐசக் வெளுத்த தோலும் சிவப்பு முடியுமாக இருக்கிற வெறும் வில்லன். தொடரில் அவன் அடிமையாக இருந்து தப்பிய கறுப்பினத்தான், சூஃபி வழி வந்தவன், தன் முதுகில் தானே வார் கொண்டு அடித்துக்கொள்கிறவன். தலைகீழாக மாற்றி எழுதினார்கள். அதை இவர் பிரமாதம் என்றார்! எழுதியதை எடுத்துப் போடட்டுமா?

அம்பைக்காரன்:
போடும். பிரமாதம்தான். ஐசக் அடிமையாக இருந்தான், ஆனால் டிராகுலாவோடு நின்றது அவனே எடுத்த முடிவு. டிராகுலா போன பிறகு தனியாகக் கடல் தாண்டி நடந்து, தான் என்ன செய்ய வேண்டும் என்று தானே யோசித்தான். அவன் கையில் ஊன்றுகோல் கொடுக்கவில்லை. பழசைக் கிளறினால் எனக்கும் தெரியும். நீர் அன்றைக்கு அது எத்தனை பாகம் என்றே தெரியாமல் இரண்டு என்று எழுதினீர். நான்கு பாகம், 2017-ல் தொடங்கி 2021-ல் முடிந்தது. நான் திருத்தினேன். அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை.

பாளை மார்க்கெட்:
எனக்கு ஒரு கடுப்பும் இல்லை. ‘ஊன்றுகோல், ஊன்றுகோல்’ என்று ஒரே சொல்லைத் தட்டிக்கொண்டு இருப்பது யார்? ஆர்கேன் 2022-ல் எம்மி விருது வாங்கின தொடர். எழுதினவர்களில் கிறிஸ்டியன் லிங்கே லீக் ஆட்டத்தை வெளியிட்ட ரையட் நிறுவனத்து ஆள், ஆட்டத்தை உள்ளேயிருந்து செய்தவர். அவருக்குத் தெரியாத விக்டரா ஜங்ஷனில் உட்கார்ந்தவருக்குத் தெரியும்?

அம்பைக்காரன்:
எம்மி கொடுத்தால் செங்கோல் ஊன்றுகோல் ஆகிவிடுமா? 2024-ல் ஆட்டத்துக்குள்ளும் பழைய விக்டரை எடுத்துவிட்டு, தொடரில் வந்த உருவத்தை வைத்தார்கள். முகமூடி போச்சு, அந்தக் கரகரத்த குரல் போச்சு. நான் ஆடிய விக்டரை இப்போது தேடினாலும் கிடைக்காது. தொடர் தனியாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. முன்கதை என்று தொடங்கி மூலத்தையே தின்றுவிட்டது.

தச்சநல்லூர் பையன்:
புது விக்டர் கையிலும் கோல் இருக்கிறதே அண்ணாச்சி. தொடரிலும் கடைசியில் அது வெறும் கைத்தடி இல்லையே. அப்போ அந்தக் கோல் எந்தக் கணக்கு?

அம்பைக்காரன்:
ஊன்றுகோலில் இருந்து வந்த கோல். அதனால் ஊன்றுகோல்.

வள்ளியூர் வாசகி:
கடைசி அத்தியாயத்தில் விக்டரின் நண்பன் ஜேய்ஸ் அவனிடம் என்ன சொல்கிறான் என்று யாராவது கவனித்தீர்களா? நீ உடைந்தவனாக ஒருநாளும் இருந்ததில்லை, உன் காலும் நோயும் குறையில்லை என்கிற பொருளில் பேசுவான். எழுதினவர்கள் கோலைக் காரணமாக வைக்கவில்லை. கோலைக் குறை என்று அவனே நம்பியதுதான் அவன் தப்பு என்று காட்டினார்கள். அண்ணாச்சி சொல்கிற ‘முடிவு’ அங்கே இருக்கிறது. அவன் எடுத்த முடிவு, தப்பான முடிவு.

அம்பைக்காரன்:
நல்லா எழுதியிருக்கீங்க தங்கச்சி. படகுக் காட்சி எனக்கும் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது வேறு யாரோ ஒரு பையனின் கதை. பெயரை மட்டும் விக்டர் என்று வைத்துவிட்டார்கள்.

டவுண் ரதவீதி:
அப்படியென்றால் அழித்து எழுதியது என்கிறீர்கள். அதைத்தானே காலையிலிருந்து கேட்கிறேன்?

அம்பைக்காரன்:
நான் அப்படிச் சொல்லவில்லை. செங்கோலை எடுத்துவிட்டு ஊன்றுகோல் கொடுத்தார்கள் என்றுதான் சொன்னேன்.

ஆழ்வார்குறிச்சி:
என் மாமாவைச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

அம்பைக்காரன்:
ஆடி அமாவாசைக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு காரையாறு வாரும். பட்டவராயன் சந்நிதியில் நின்றுகொண்டு, அந்தப் பெண்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அவர் வாயால் சொல்லட்டும்.

பாளை மார்க்கெட்:
நானும் வருகிறேன். வள்ளியூர் அக்கா சொன்னதற்குப் பதிலைத் தயார் பண்ணிக்கொண்டு வாரும், படகைப் பாராட்டிவிட்டு நழுவக் கூடாது.