விற்றவர் வாய் திறக்காவிட்டால் நொண்டிக் குதிரைக்கு யார் பொறுப்பு?

தோட்டத்துக்காரன்:
பிள்ளைகள் ஏறிப் பழகட்டும் என்று, பக்கத்து வட்டத்துக் குதிரை வியாபாரி ஒருவரிடம் ஆறு வயதுப் பெண்குதிரை ஒன்றை எண்பதாயிரத்துக்கு வாங்கினேன். சுழி சுத்தமாக இருந்தது. பல்லும் வயதுக்குச் சரியாக இருந்தது. அவருடைய தோட்டத்து மணலில் நடக்கவிட்டும் பார்த்தோம். மூன்றாம் நாள் தார்ச்சாலையில் ஓட்டியபோது, இடது முன்காலை ஊன்றும்போதெல்லாம் தலையை வெடுக்கென்று மேலே தூக்கியது. லாடம் அடிப்பவர் குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது பழைய நோவு என்றார். விற்றவரோ, "நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை" என்கிறார். தெரிந்தே மறைத்தது மோசடி இல்லையா?

அந்தியூரான்:
இல்லை என்பதே என் கருத்து, தம்பி. ஆடி மாதம் எங்கள் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தையில், மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் கைமாறுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். கயிறு கைமாறிய பிறகு வரும் நோவுக்கெல்லாம் விற்றவன் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒருவனும் குதிரையை விற்க முடியாது. வண்டியில் ஏற்றி இறக்கும்போதுகூடக் கால் பிசகும். மணலில் நடக்கவிட்டுப் பார்த்தது உங்கள் பிழை. நொண்டலை மணல் மறைத்துவிடும். கெட்டித் தரையில் சற்று வேகமாக ஓட்டியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். சுழிக்குச் செலவிட்ட நேரத்தில் பாதியைக் காலுக்குச் செலவிட்டிருக்கலாம்.

கருப்பங்கி:
நான் வழக்குரைஞர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மௌனம் எப்போது மோசடியாகும் என்பதைக் குதிரையை வைத்தே விளக்குகிறது. நோயுள்ளது என்று தெரிந்த குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்று, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருந்தால் அது மோசடி ஆகாது. இதுவரை அந்தியூரார் பக்கம். ஆனால் வாங்குபவர், "நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொன்ன பிறகும் விற்பவர் பேசாமலிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஆகவே அன்று யார் என்ன கேட்டார்கள் என்பதை நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.

தோட்டத்துக்காரன்:
நான் கேட்கவில்லை. ஆனால் அச்சாரம் கொடுக்கும்போது என் மாமா, "பிள்ளைகள் ஏறுகிற குதிரை, கால் சுத்தந்தானே?" என்று கேட்டார். விற்றவர் எச்சில் தொட்டு நோட்டை எண்ணிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. தரகர்தான், "தங்கமான குதிரைங்க" என்றார்.

அந்தியூரான்:
தரகர் இரண்டு பக்கமும் தரகு வாங்குபவர். அவர் வாய்ச்சொல் விற்றவரின் சொல் ஆகிவிடாது. நோட்டு எண்ணுபவர் காதில் கேள்வி விழுந்ததா என்பதற்கும் சாட்சி இல்லை.

கருப்பங்கி:
மாமாவே சாட்சி, ஐயா. ஆனால் உங்களுக்கு உதவும் ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன்: மோசடியான மௌனமாகவே இருந்தாலும், சாதாரண கவனத்தோடு பார்த்து உண்மையை அறிய வழி இருந்தவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று 19ஆம் பிரிவு விதிவிலக்கு வைத்திருக்கிறது. தோட்டத்து வாசலிலேயே தார்ச்சாலை இருந்தது என்றால் அது இவருக்குப் பாதகம். அதனால் நான் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவைத்தான் நம்புவேன்: குதிரை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, அவருடைய தேர்ச்சியை நம்பி வாங்கினால், அந்த வேலைக்கு அது நியாயமான அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை.

அந்தியூரான்:
தேர்ச்சியை நம்பி வாங்குபவர் பல்லையும் சுழியையும் தாமே ஏன் பார்த்தார்? அதற்குப் பதில் சொல்லுங்கள். வழக்குப் போடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்து, நோவு பழையதா புதியதா என்று எழுதி வாங்குங்கள் தம்பி. அந்தத் தாள் இல்லாமல் எந்தப் பிரிவும் நிற்காது.

தோட்டத்துக்காரன்:
சாலை ஐம்பது அடி தூரத்தில்தான் இருந்தது, அண்ணா. நாளைக் காலை குதிரையை மருத்துவரிடம் ஏற்றிப்போகிறேன். தரகரை அழைத்துப் பார்த்தேன்; மாமா கேட்ட நினைவே இல்லை என்கிறார்.