சிங்க் அடைப்பு: ஊட்டிக் குளிருக்குப் பொடியா, கையா?

லவ்டேல்வாசி:
ஒரு வாரமாகச் சமையலறை சிங்கில் தண்ணீர் இறங்க அரை மணி நேரம் ஆகிறது. பாத்ரூமிலும் வாஷ்பேசினிலும் நன்றாகத்தான் போகிறது. ஆப்ப சோடாவும் வினிகரும் ஊற்றினேன். நுரை பொங்கியது, அவ்வளவுதான். கடைக்காரர் காஸ்டிக் பொடி தருகிறார். போடலாமா?

எல்க்ஹில் மாமா:
தாராளமாகப் போடு தம்பி. சோடாவும் வினிகரும் ஒன்றையொன்று தின்று தீர்த்துக்கொண்டு உப்புத்தண்ணீராகிவிடும், அது அடைப்பை என்ன செய்யும்? காஸ்டிக் அப்படியில்லை, கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடும். 20 வருஷமாக நான் போடுகிறேன், பைப் அப்படியே இருக்கிறது.

கோத்தகிரி பிளம்பர்:
மாமா, தப்பாக நினைக்காதீர்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் சிங்கில் பொடியைக் கொட்டினால் அது டிராப்பின் (சிங்குக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கி நிற்கும் பகுதி) அடியில் போய்க் கல் மாதிரி இறுகிவிடுவதும் உண்டு. அப்புறம் கழற்ற வருவது என்னை மாதிரி ஆள்தான். ஒரு வீட்டில் ‘ஒன்றுமே போடவில்லை அண்ணா’ என்றார்கள். டிராப்பைத் திருகியதும் முழங்கை வரைக்கும் வழிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. பொடி போட்டால் போட்டேன் என்று சொல்லித் தொலையுங்கள். அது வேலை செய்யவில்லை என்று மேலே ஆசிட் ஊற்றினீர்களானால் கொதித்து முகத்தில் அடிக்கும்.

வெலிங்டன் அக்கா:
இரண்டும் வேண்டாம். நம்ம ஊரில் அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெயை அடுப்புப் பக்கத்தில் வைத்துத்தானே தலைக்குத் தேய்க்கிறோம்? 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறைந்துவிடும். பைப்புக்குள் நடப்பதும் அதேதான். ஒரு அண்டா வெந்நீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள், போதும்.

கோத்தகிரி பிளம்பர்:
காரணம் சரி அக்கா, மருந்துதான் பாதி. பிவிசி பைப் 60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்தாலும் ஜாயின்ட் இளக அது தாராளம். இன்னொன்று, சிங்குக்கு அடியில் உருகின கொழுப்பு எங்கே போகும்? சுவருக்கு வெளியே, சரிவோடு போகிற பைப்பில் பனி பட்டு மறுபடி உறையும். கைக்கு எட்டும் இடத்தில் இருந்த அடைப்பைக் கீழ்வீட்டுக் கூரைப் பக்கம் தள்ளிவிட்டோம் என்று ஆகும்.

எல்க்ஹில் மாமா:
அப்படியானால் எல்லோரும் பைப்பைக் கழற்ற வேண்டுமா? வயசானவர்கள் சிங்குக்கு அடியில் குனிய முடியுமா? சொல்வது சுலபம்.

கோத்தகிரி பிளம்பர்:
குனிய முடியாதவர்களுக்கு மரப்பிடி போட்ட ரப்பர் கப் இருக்கிறது. ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்தால் ஈரத்துணியால் அடைத்துவிட்டு அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் காற்று அந்த வழியாகப் போய்விடும். லவ்டேல் தம்பிக்கு பாத்ரூம் ஓடுகிறது. அப்படியென்றால் செப்டிக் டேங்க், மெயின் லைன் எதிலும் கோளாறில்லை, சிங்க் லைனில்தான் அடைப்பு. அடியில் வாளி வைத்து பாட்டில் டிராப்பைக் கையாலேயே திருகுங்கள். வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள்.

லவ்டேல்வாசி:
கழற்றினேன்! மெழுகுவர்த்தியைக் கரைத்து ஊற்றின மாதிரி மஞ்சள் வெள்ளையாக ஒரு கட்டி, அதற்குள் டீத்தூள் சக்கை வரிவரியாக. கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, போன வருஷம் காணாமல் போன மருந்து ஸ்பூன்கூட இருந்தது. பாட்டிலைச் சுடுதண்ணீரில் போட்டு சோப்பு வைத்துத் தேய்த்தேன். இப்போது நன்றாக இறங்குகிறது, ஆனால் முழு வேகமில்லை.

வெலிங்டன் அக்கா:
டீத்தூளை ரோஜாச் செடிக்குப் போடுங்கள் தம்பி. மட்டன் சட்டியை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

கோத்தகிரி பிளம்பர்:
மீதி அடைப்பு வெளிப் பைப்பில் இருக்கும். காலையில் தொடாதீர்கள். மதியம் வெயில் அடிக்கும்போது முனையில் இருக்கும் மூடியைக் கழற்றி, கை பொறுக்கிற சூட்டில் சோப்புத்தண்ணீர் ஊற்றி, ஸ்பிரிங் கம்பியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

எல்க்ஹில் மாமா:
ஸ்பிரிங் கம்பி என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துப் போ தம்பி. ஆனால் பொடி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.