பள்ளியில் சுற்றுச்சூழல் திட்டம் செஞ்சவங்களே, இன்னும் மனசை விட்டுப் போகாதது எது?

மூன்றாம்பெஞ்ச்

வேஸ்ட் ஆடிட் செஞ்சவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தார்ப்பாய், கையுறை, தராசு, ஒரு நாள் குப்பை மொத்தத்தையும் கொட்டிப் பிரிக்கிறது. அப்போ நான் எட்டாம் வகுப்பு. உணவுக் கழிவுப் பக்கம் நானும் என் பக்கத்து சீட்டுத் தோழியும்.

பிரிச்சுக்கிட்டே வந்தப்போ ஒரு ஃபாயில் பொட்டலம் கைல பட்டது. திறக்கவே இல்லை. ஓரத்தை ரெண்டு தடவை மடிச்சு, மூலையை உள்ளே சொருகியிருந்தது. மூணு வருஷமா பக்கத்துல உட்கார்ந்து தினமும் பார்த்த மடிப்பு அது. அவங்க அம்மா அப்படித்தான் மடிப்பாங்க. நிமிர்ந்து பார்த்தேன். அவ தராசையே பார்த்துக்கிட்டு நின்னா.

நான் ஒண்ணும் சொல்லலை. தட்டுல வெச்சேன். 240 கிராம். "தொடாத உணவு"ங்கிற கட்டத்துல எழுதினேன்.

அடுத்த வாரம் காலை அசெம்பிளியில ரிப்போர்ட் வாசிச்சதும் நான்தான். விளையுற உணவுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு வீணாகுதுன்னு ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பான எஃப்.ஏ.ஓ. 2011-ல சொன்னதையும் சேர்த்து, சத்தமா, நிறுத்தி நிறுத்தி வாசிச்சேன். சார்ட்டோட இன்னொரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது அவ.

ஏன் சாப்பிடலைன்னு நான் கேட்கவே இல்லை.

ஜன்னலோரம்

படிச்சதும் கை நின்னுபோச்சு, தோழி. 11 வருஷமா பள்ளியில சுற்றுச்சூழல் கிளப்பை நடத்துற ஆசிரியை நான். இதுல உங்க தப்பு எதுவும் இல்லை. ஒரு வகுப்போட குப்பையை அதே வகுப்பைப் பிரிக்க விட்டவங்க தப்பு. வேற தளத்துக் குப்பையைக் கொடுக்கணும், எல்லாக் கூடையையும் கலந்த பிறகுதான் தார்ப்பாயில கொட்டணும். திறக்காத பொட்டலம் வந்தா எடையை மட்டும் எழுதக் கூடாது, ஏன்னு யோசிக்க ஒரு கட்டம் இருக்கணும். இடைவேளை போதலையா, உட்கார இடம் இல்லையா, உடம்பு சரியில்லையா, கூட உட்கார ஆள் இல்லையா? பல நாட்டுப் பள்ளிகள்ல நடக்குற ஈகோ-ஸ்கூல்ஸ்ங்கிற சுற்றுச்சூழல் திட்டம் 1994-ல ஆரம்பிச்சது, அதோட ஏழு படியில முதல் படியே மாணவர்கள் இருக்கிற குழுதான், ஆய்வு அதுக்கு அடுத்ததுதான் வரும். பல இடத்துல குழு பேருக்கு இருக்கு, நேரா தராசுக்குப் போயிடறோம்.

என் கதை சின்னது. மூணாவது வருஷம் ஆடிட் முடிஞ்சு கை கழுவிட்டு இருந்தோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கேட்டான்: "டீச்சர், ஸ்டாஃப் ரூம் கூடையை ஏன் கொட்டலை?" ரெண்டு வருஷ ரிப்போர்ட்டுலயும் அந்தக் கூடை இல்லவே இல்லை. போய் எடுத்துட்டு வந்தேன். ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்ச தாள் அடிவரைக்கும். அவன் அதை ஒவ்வொண்ணா நீவி அடுக்கினான், என் முகத்தைப் பார்க்காமலே.

மண்புழு

டீச்சர் சொல்றதை ஏத்துக்க முடியலை. யார் குப்பைங்கிறது ரெண்டாம் பட்சம். எடை போட்ட பிறகு அது எங்கே போச்சு? திரும்பவும் லாரிதானே? காத்து புகாத குப்பை மேட்டுல உணவு அழுகினா மீத்தேன் வருது. 100 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட ஏறக்குறைய 28 மடங்கு சூடு பண்ற வாயு.

நாங்க உரக்குழி போட்டோம். மூணாவது வாரம் மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை நாத்தம். பக்கத்து வகுப்பு ஜன்னல் ஒவ்வொண்ணா சாத்துற சத்தம் இன்னும் காதுல இருக்கு. சாயங்காலமே மண்ணைப் போட்டு மூடிட்டாங்க.

அதனால ஆரம்பிக்கிறவங்க கேளுங்க. அந்த நாத்தம் வந்தா காத்து போகலைன்னு அர்த்தம். கிளறி விடுங்க. மூக்கைக் குத்துற அமோனியா நெடின்னா நைட்ரஜன் அதிகம். காய்கறித் தோல் ஒரு பங்குன்னா காய்ஞ்ச இலை ரெண்டு மூணு பங்கு போடுங்க, கார்பனும் நைட்ரஜனும் 30-க்கு 1 பக்கத்துல வரும். ஈரம் பிழிஞ்ச ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கணும். குவியல் நீளம், அகலம், உயரம் ஒவ்வொண்ணும் 1 மீட்டராவது வேணும், இல்லேன்னா சூடு நிக்காது. உள்ளே 55-லிருந்து 65 டிகிரி வரைக்கும் ஏறினா சரியாப் போகுதுன்னு அர்த்தம். மேலே எப்பவும் காய்ஞ்ச இலைதான் தெரியணும், ஈ வராது. இதுல ஒண்ணைக்கூட அன்னைக்கு எங்களுக்கு யாரும் சொல்லித் தரலை. ஒன்பதாம் வகுப்புப் பசங்க 12 பேர் சோம்பேறிங்கன்னு பேர் வாங்கினோம்.

சிவப்புப்புள்ளி

மண்புழு, அவங்க கேட்டது உரம் போடற முறை இல்லை. யார் குப்பைங்கிறது ரெண்டாம் பட்சம்னு எப்படிச் சொல்றீங்க? அந்தப் பொண்ணுக்கு அது மட்டும்தானே விஷயம்!

எங்களது மின்சாரத் திட்டம். ஞாயித்துக்கிழமை, பள்ளி பூட்டிக் கிடக்கு, நாலு பேர் மீட்டர் முன்னாடி. மீட்டர்ல இருக்கிற சின்ன விளக்கு 800 தடவை சிமிட்டினா 1 யூனிட்னு மேலயே அச்சிட்டிருந்தது. எண்ணினோம். நிமிஷத்துக்கு 40. ஆளே இல்லாத கட்டடம் மணிக்கு 3 யூனிட் குடிக்குது, சனி ஞாயிறு ரெண்டு நாளைக்கு 144. ஃபோன் வெளிச்சத்துல கணக்குப் போடும்போது கை நடுங்கிச்சு எனக்கு.

எதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தோம். பக்கத்துல டார்ச் பிடிச்சு நின்ன வாட்ச்மேன் அண்ணன் சொன்னார், "தண்ணி கூலர் மூணும் ராத்திரி பூரா உறுமும். கம்ப்யூட்டர் ரூம் ஏசியை வெள்ளிக்கிழமை யாரும் நிறுத்தறதில்லை." போய்ப் பார்த்தோம். அத்தனையும் சரி. அணைச்சுட்டு வந்து எண்ணினா நிமிஷத்துக்கு 6.

ரிப்போர்ட் அட்டையில எங்க நாலு பேரோட பேரும் இருந்தது. அவர் பேர் இல்லை. யாரும் வேணும்னு விடலை, யாருக்கும் தோணலை. எனக்கும்தான்.

மண்புழு

சரி, அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கறேன். மூன்றாம்பெஞ்ச், அதுக்கப்புறம் அவகிட்ட பேசினீங்களா?

மூன்றாம்பெஞ்ச்

டீச்சர், நீங்க சொன்ன கட்டம் அன்னைக்கு இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்.

பேசினோம், எப்பவும் போல. அசெம்பிளி முடிஞ்ச அன்னைக்கு மத்தியானம் அவ பொட்டலத்தை எடுத்து மடியில வெச்சா. மூலையை மட்டும் பிரிச்சுட்டு என்னைக் கேட்டா: "இன்னைக்கும் எடை போடுவீங்களா?"

இல்லைன்னேன்.

மறுபடி ரெண்டு தடவை மடிச்சு, மூலையை உள்ளே சொருகி, பைக்குள்ள வெச்சுட்டா.