பின்வீட்டுக்கு வைஃபை போகவில்லை, உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. கொக்குவிலில் எங்கள் வீட்டு இணையத்தில் ஒரு சிக்கல்.

ஃபைபர் ரவுட்டர் முன் விறாந்தையில் இருக்கிறது. தங்கச்சி ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) எடுக்கிறாள், பின்வீட்டில் மாமியோடு இருந்துதான் படிக்கிறாள். நடுவில் பழைய சுண்ணாம்புக்கல் சுவர்கள் என்பதால் அங்கே வைஃபை எட்டாது. அதனால் கிணற்றடி வழியாக ஏறத்தாழ 35 மீட்டர் லான் கேபிள் இழுத்து, பின்வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்றை வைத்தேன். அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றி, டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) நிறுத்தி, கேபிளை இணையம் உள்ளே வரும் வான் (WAN) துளையில் இல்லாமல் வீட்டுக் கருவிகளுக்கான லான் (LAN) துளையில்தான் செருகினேன்.

இரண்டு கிழமை நன்றாக வேலை செய்தது. இப்போது ஸூம் வகுப்பு நடுவிலேயே அறுந்துவிடுகிறது. லப்டொப்பில் பார்த்தால் சில நேரம் 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது. அப்படியென்றால் முன் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்றுதானே பொருள்? பின்வீட்டிலிருந்து முன் ரவுட்டருக்கு (192.168.1.1) 100 முறை பிங் செய்தேன் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை), 27 தொலைந்தன. முன்வீட்டில் ஒன்றுகூடத் தொலையவில்லை.

நேற்று கேபிளைத் தடவிப் பார்த்தேன். முருங்கை மரத்தில் கட்டிய இடத்தில் மேலுறை வெளுத்து வெடித்திருக்கிறது, உள்ளே செம்பில் பச்சை பிடித்திருக்கிறது. வீட்டுக்குள் போடும் சாதாரணக் கேபிள் அது. வெயிலும் மழையும் பட்டதுதான் காரணமா, அல்லது செட்டிங்கிலும் பிழை இருக்குமா?

வெளியில் போடும் கேபிளைக் குழாய்க்குள் விட்டால் போதுமா? இடி மின்னலை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. ஃபைபரே இழுப்பது நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பரீட்சை கிட்டடியில் வருகிறது.